செல்லமும் சுருட்டு டப்பாவும்

மதுரை விளாங்குடியில் நின்று பார்த்தால் இரண்டு இலைகளின் நாடுகள் இரண்டு திசைகளில் இருக்கின்றன. வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் திண்டுக்கல். அதைத் தாண்டினால் வேடசந்தூர்ப் புகையிலைத் தோட்டங்கள். அங்கே 1948 முதல் ஒரு புகையிலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. மேற்கே, வைகையை எதிர்த்து, அதில் பாதித் தொலைவுகூட இல்லாத இடத்தில் சோழவந்தான். அகத்தியைப் பற்றி ஏறும் கொடிக்கால்களுக்குப் பேர்போன ஊர். அதன் வெற்றிலை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. வடக்கின் இலை உலர்ந்து, பழுப்பேறி, மணம் கூடிச் சுருட்டாகிறது. மேற்கின் இலை பறித்த பச்சை மாறாமல் கவுளியாகக் கட்டப்படுகிறது. இரண்டும் வீட்டுக்குள் வந்ததும் கவலை ஒன்றுதான்: எதில் போட்டு வைப்பது?

வெற்றிலைக்கு இந்தக் கவலை பழையது, விடையும் பழையது. பித்தளைச் செல்லம், நனைத்துப் பிழிந்த துணி, வாழைச் சருகு, தண்ணீர்ப் பானைக்கு அடியிலுள்ள ஈரமணல். சுருட்டுக்கோ நம் வீடுகளில் இது புதிய கவலை. உறையூர்ச் சுருட்டை வாங்கி வேட்டி மடிப்பிலும் காதிடுக்கிலும் செருகிக்கொண்ட தாத்தாக்களுக்குச் சேமிப்பு என்ற பேச்சே எழவில்லை. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்திய காலத்திலும் பெட்டியின் பாடு வணிகரின் பாடாகவே இருந்தது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும் மருமகன் ஒரு பெட்டி கியூபச் சுருட்டு கொண்டுவரும்போதுதான் வீட்டில் கேள்வி எழுகிறது. ஈரம் காக்கும் மரப்பெட்டி பல ஆயிரம் ரூபாய். சமையலறை அலமாரியிலோ டப்பாக்களுக்குப் பஞ்சமில்லை.

ஒப்பிடும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புகையிலை உயிரைக் குடிப்பது. பாக்கும் அப்படியே: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வெளியிட்ட ஆய்வில், புகையிலை சேராத தாம்பூலத்தையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவனவற்றில் சேர்த்தது. நாம் இங்கே எடைபோடுவது பெட்டிகளை மட்டுமே. இரண்டு பழக்கத்துக்கும் பரிந்துரை எதுவும் இதில் இல்லை.

வெளித்தோற்றத்தில் செல்லமும் சுருட்டு டப்பாவும் ஒரே ஏற்பாடு. அங்கும் ஒரு மூடி, இங்கும் ஒரு மூடி. அங்கே ஈரத்துணி, இங்கே ஈரமான ஸ்பாஞ்சு. ஆனால் உள்ளே கிடக்கும் இலைகளில் ஒன்று உயிரோடிருக்கிறது, மற்றொன்று இறந்துவிட்டது. வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. கொடியிலிருந்து கிள்ளிய பிறகும் வெற்றிலை மூச்சுவிடுகிறது. வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடுகிறது. தன்னிடமுள்ள நீரை இழந்துகொண்டே இருக்கிறது. அதைச் சுற்றி நிறைஈரத்தை நெருங்கிய காற்று வேண்டும், மூச்சு போக வழியும் வேண்டும். சுருட்டின் இலைக்குத் தனக்கென்று நீர் கிடையாது. காற்றில் ஈரம் கூடினால் வாங்கும், குறைந்தால் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 65-க்கும் 72-க்கும் இடையில் நின்றால் அது தளர்வாகவும் மணத்தோடும் இருக்கும். ஆகவே செல்லத்தின் வேலை ஈரத்தை மிகுதியாகக் கொடுப்பது, சுருட்டு டப்பாவின் வேலை ஈரத்தை ஒரு கோட்டில் நிறுத்துவது.

இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் இது விளங்கும். சுருட்டை ஈரத்துணி விரித்த செல்லத்தில் வைத்தால் சில நாட்களில் பூசணம் பிடிக்கும். மேலிலை உப்பி வெடிக்கும். வெற்றிலையை 69 விழுக்காட்டு ஈரத்தில் நிற்கும் சுருட்டு டப்பாவில் வைத்தால் விரைவிலேயே துவண்டுவிடும். அதே டப்பாவில் தண்ணீரைத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடினால் வேறொரு கேடு. இலையின் மூச்சே வியர்வையாகி மூடியில் கோத்து, சொட்டி, ஓரிலை அழுகி அடுத்ததையும் அழுக வைக்கும். வெற்றிலைக் கடைக்காரர் கட்டை அடிக்கடி பிரித்து, புரட்டி, கெட்டதைப் பொறுக்கி எறிவது இதனால்தான். சுருட்டுக்காரருக்கும் இதே கட்டளை உண்டு, ஆனால் வேகம் குறைவு: வாரத்துக்கு ஒருமுறை திறந்து காற்று மாற்றினால் போதும்.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த ஒற்றுமை டப்பாவுக்குள் இருக்கும் சின்ன டப்பாவில் கிடைத்தது. செல்லத்துக்குள் சுண்ணாம்புக் கரண்டகம் உண்டு. சுருட்டு டப்பாவுக்குள்ளும் ஈரத்துக்கென்று ஒரு சிறு கலம் உண்டு. இரண்டிலும் வெள்ளையான, ஈரமான ஒரு குழைவு இருக்கலாம், முதலாவதில் நீற்றிய சுண்ணாம்பு, இரண்டாவதில் உப்பு. கரைய முடியாத அளவு உப்பில் சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, மூடிய கலத்துக்குள் வைத்தால், அதன் மேலுள்ள காற்று நம் அறை வெப்பத்தில் 75 விழுக்காட்டு ஈரத்தில் போய் நின்றுகொள்ளும். ஈரம் கூடினால் குழைவு உறிஞ்சும், குறைந்தால் வெளிவிடும். கல் உப்பு செய்யும் இந்த வேலையை வேறு உப்புக் கரைசல்களால் 65, 69, 72 என்று வெவ்வேறு அளவில் நிறுத்தி, பொட்டலமாகவே விற்கிறார்கள். 75 சுருட்டுக்குச் சற்று அதிகம். ஆனால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி உண்மை சொல்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. பாட்டில் மூடியில் உப்புக் குழைவு, பக்கத்தில் கருவி, இரண்டையும் ஒரு காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு நாள் விடவேண்டும். கருவி 71 காட்டினால், எப்போதும் நான்கு கூட்டிப் படிக்க வேண்டியதுதான்.

சுண்ணாம்பின் இயல்பு இதற்கு நேர் எதிர். உப்புக் குழைவு காற்றோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்தினால்தான் பயன். சுண்ணாம்பு காற்றைப் பார்க்கவே கூடாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது பழையபடி சுண்ணாம்புக் கல்லின் பொருளாகவே இறுகிவிடும். அதனால்தான் சுண்ணாம்பின் மேல் ஒரு விரற்கடைத் தண்ணீரை நிறுத்தி வைக்கிறார்கள். ஒரே உருவமுள்ள இரு கலங்களில் ஒன்று திறந்திருந்து காக்கிறது, மற்றொன்று மூடியிருந்து காக்கப்படுகிறது.

இனி அலமாரிக்கு வருவோம். மண்கலயம் வெற்றிலைக்கு அரசு. அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகி உள்ளே குளிர்ச்சி தருகிறது, இலையின் மூச்சும் போகிறது. அதே துளைகள் சுருட்டுக்குப் பகை. எவ்வளவு ஈரம் வைத்தாலும் சுவர் குடித்துவிடும். எவர்சில்வர் சம்படம் இரண்டுக்குமே அரைகுறைதான். அது வெளி வெப்பத்தைச் சட்டென்று உள்ளே கடத்தும், விடியற்காலைக் குளிரில் உட்சுவர் வியர்க்கும். பீங்கான் ஊறுகாய் ஜாடி ஈரத்தை நன்றாகக் காக்கும், ஆனால் மூடியிலும் அடியிலும் தங்கிய எண்ணெய் வாசனையைச் சுருட்டு இழுத்துக்கொள்ளும். பெருங்காய டப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்ணாடி பாட்டில் நல்லது, இருட்டில் வைத்தால். ரப்பர் வளையமும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள பிளாஸ்டிக் டப்பா, புதிதாக இருந்து, கழுவி, சில நாள் திறந்து வைத்து வாசனை போக்கினால், சுருட்டுக்கு மிகச் சிறந்தது என்பதே என் முடிவு. அதில் மூச்சுத் திணறும் வெற்றிலைக்கு அதுவே மிக மோசமானது.

மதுரைக்கு இன்னொரு வழியும் தெரிந்திருக்கிறது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து மல்லிகையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பனிக்கட்டியோடு தெர்மாகோல் பெட்டியில் அடைக்கிறார்கள். மேலைநாட்டுச் சுருட்டுப் பிரியர்கள் சுற்றுலாவுக்கு எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியை அப்படியே சுருட்டுப் பெட்டியாக்குவதும் இதே அறிவால்தான். தடித்த சுவர் வெப்பத்தைத் தடுக்கும். ஈரத்தைவிட வெப்பமே பெரிய தொல்லையாக இருக்கும் சித்திரை மாத விளாங்குடியில் இது மரப்பெட்டியைவிடப் பொருத்தமானது.

வெப்பத்துக்கு அஞ்ச வேண்டிய காரணம் ஒரு வண்டு. புகையிலை வண்டின் முட்டை சூடேறினால் பொரித்து, புழு சுருட்டைத் துளைத்துவிடும். இந்த வண்டை நம் வீட்டுப் பெண்கள் சுருட்டைப் பார்க்காமலேயே அறிவார்கள்: மஞ்சளையும் மல்லியையும் மிளகாய் வற்றலையும் துளைப்பது இதே வண்டுதான். மசாலா டப்பாவின் பக்கத்தில் சுருட்டு டப்பாவை வைக்கக் கூடாது என்பதற்கு வாசனையைவிட வலுவான காரணம் இது. வண்டு பற்றிய ஐயம் இருந்தால் சுருட்டை இறுக்கமாக உறையிட்டு ஃப்ரீசரில் மூன்று நாள் வைத்து, பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மெல்ல வெளியே எடுக்கிறார்கள். அதற்கு மேல் ஃப்ரிட்ஜ் சுருட்டுக்கு உதவாது. அதன் காற்று உலர்ந்தது. வெற்றிலைக்கும் அது முழு நண்பன் இல்லை; குளிர் மிஞ்சினால் இலை கறுத்துவிடும். உயிருள்ள இலையும் உயிரற்ற இலையும் ஒரே பொருளிடம் ஏமாறும் இடம் இது.

மரத்திலும் ஓர் உறவு எதிர்ப்படுகிறது. உயர்ந்த சுருட்டுப் பெட்டிகளின் உட்பலகை ஸ்பானிஷ் சிடார் என்ற மரம். பெயரில் சிடார் இருந்தாலும் தேவதாருவுக்கு அது உறவில்லை, வேம்பின் குடும்பம். நம் மலைகளில் வளரும் சந்தன வேம்பு அதற்கு மிக நெருங்கிய சொந்தம். சுருட்டுப் பெட்டி செய்ய அதன் பலகையையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். தச்சுப் பட்டறையில் மெருகேற்றாத ஒரு துண்டு கிடைத்தால் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் போடலாம். ஈரம் ஏறி இறங்கும் வேகத்தை அது தணிக்கும். வாழைச் சருகு வெற்றிலைக்குச் செய்வதும் ஏறத்தாழ இதுவே. நனைந்த துணிக்கும் இலைக்கும் நடுவில் நின்று, ஈரத்தை நேரே படவிடாமல் பக்குவமாகக் கடத்துகிறது.

தண்ணீரில் மட்டும் வெற்றிலை பெருந்தன்மை காட்டுகிறது. குடத்துத் தண்ணீர் எதுவானாலும் தெளிக்கலாம். சுருட்டு டப்பாவின் ஸ்பாஞ்சுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது, உப்புப் படிந்து துளைகள் அடைபடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் காய்ச்சி வடித்த நீரே சரி.

பருவம் மாறும்போது இரண்டு பெட்டிகளும் வேறு வேறு வேலை வாங்குகின்றன. பங்குனி, சித்திரையில் செல்லத்துத் துணி பிற்பகலுக்குள் காய்ந்துவிடும், இரண்டு வேளையும் நனைக்க வேண்டும். நன்றாக மூடிய சுருட்டு டப்பாவுக்கு ஈரக் கவலை இல்லை. மாடி அறையிலிருந்து இறக்கி, கீழ்த்தளத்தில் வெயில் படாத உள்ளறைத் தரையில் வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வெற்றிலைத் துணியை நனைக்காமல், மூடியைச் சற்றே விலக்கி வைக்கலாம். சுருட்டு டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மழைக்காற்று உள்ளே புகும். ஈரப்பதமானி 72-ஐத் தாண்டினால் ஸ்பாஞ்சை வெளியே எடுத்துவிட்டு, மரத்துண்டை நிழலில் உலர்த்தித் திரும்பப் போடவேண்டும்.