நெகோமா பிரமிடு

டெண்டர் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். எந்தத் திட்டமானாலும் வேலை யார் கைக்குப் போனது என்றுதான் முதலில் பார்ப்பேன். அமெரிக்காவின் ‘சேஃப்கார்ட்’ ஏவுகணைத் தடுப்புக்குத் தலைமை ஒப்பந்ததாரர் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக். ஆமாம், தொலைபேசிக் கருவி செய்த அதே கம்பெனி! வடிவமைப்பு பெல் ஆய்வகத்துடையது. ஸ்பிரிண்ட் ஏவுகணை மார்ட்டின் மரியெட்டாவுக்கு உள் ஒப்பந்தம். ஐந்தே விநாடியில் ஒலியைப் போல் பத்து மடங்கு வேகம் பிடிக்கும். காற்று உரசியே மேல்தோல் தகதகக்கும்.

வடக்கு டகோட்டாவின் நெகோமாவில், வயல்களுக்கு நடுவே அந்தத் திட்டத்தின் நுனி வெட்டிய கான்கிரீட் பிரமிடு. நாலு பக்கமும் வட்ட ரேடார் முகம். 1975 அக்டோபர் 1 முழுமையாக இயங்கத் தொடங்கியது. மறுநாளே பிரதிநிதிகள் சபை மூடச் சொல்லி வாக்களித்தது. செலவு சுமார் 600 கோடி டாலர். தணிக்கைக்காரர் இதை வீண் என்பார். ஏவுகணைத் தடுப்புகளுக்கு வரம்பு கட்டிய 1972 அமெரிக்க–சோவியத் உடன்படிக்கைக்கு மாஸ்கோ இறங்கி வந்ததில் இதற்கும் பங்குண்டு என்பேன் நான்.