மூச்சு எங்கிருந்து வருகிறது?

தூத்துக்குடி நகரின் வடபகுதியில், கடலை ஒட்டி அமைந்துள்ளது திரேஸ்புரம். சங்கு குளிப்போரின் வள்ளங்கள் இக்கரையிலிருந்து கடலுக்குப் போகின்றன. ஒரு காலத்தில் பாய் விரித்து ஓடிய வள்ளங்கள் இன்று டீசல் எஞ்சினால் ஓடுகின்றன. சில வள்ளங்களில் கம்ப்ரசர் எனப்படும் காற்றழுத்திக் கருவியும், அதிலிருந்து நீண்ட ரப்பர் குழாயும் இருக்கும்.

அத்தகைய வள்ளத்தில் காற்றை உள்ளிழுக்கும் வாய்கள் மூன்று உண்டு. குளியாளின் மூக்கு ஒன்று. எஞ்சினின் காற்று வாய் இரண்டாவது. கம்ப்ரசரின் வாய் மூன்றாவது. எவ்வளவு காற்று வருகிறது, எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளை இம்மூன்றிடமும் கேட்டுப் பார்ப்போம். இரண்டாவது கேள்வியை மறந்தால் என்ன நேரும் என்பதையும் காண்போம்.

சொந்த மூச்சில் குளித்தவர்கள்

கொற்கை முத்து பண்டைக் காலத்திலேயே கடல் கடந்து புகழ் பெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்பதைப் பற்றி எழுதி வைத்துள்ளார். முறை எளியது. குளியாள் கனத்த கல்லின் துணையோடு விரைந்து பாருக்கு இறங்குவார். சிப்பிகளைப் பையில் அள்ளுவார். கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுத்துக் கொள்வார். கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தங்கையின் வாழ்வைக் காக்கும் பொறுப்பு அவருக்கு உண்டல்லவா?

கீழே இருப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே 6 லிட்டராக இருந்த நுரையீரல் காற்று, 10 மீட்டர் ஆழத்தில் 3 லிட்டராகவும், 20 மீட்டரில் 2 லிட்டராகவும் சுருங்கும். ஆனால் அது திறந்த கடல்வெளியில் இழுத்த தூய காற்று. அதன் அளவு குறைவு, தன்மையில் குறையில்லை. அரசு நடத்திய முத்துக் குளிப்பு, தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை இம்முறையிலேயே நடைபெற்றது.

குழாய் வைத்தால் போதாதா?

ஒரு நீண்ட குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் மூச்சு விட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே மார்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் நீர் 100 கிராம் எடையுடன் அழுத்துகிறது. மார்பின் பரப்பு 1,000 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், மொத்தம் 100 கிலோ! அத்தனை சுமையைத் தள்ளிக்கொண்டு மார்பு விரிந்தால்தான் மேலேயுள்ள காற்று உள்ளே வரும்.

ஆகவே காற்றை அழுத்தித்தான் அனுப்ப வேண்டும். 1691-இல் எட்மண்ட் ஹாலி, நீருக்குள் இறக்கிய பெரிய மணிக்கூண்டுக்குப் பீப்பாய்களில் காற்று அனுப்பும் வழியைக் கண்டார். வால் நட்சத்திரத்திற்குத் தம் பெயரைத் தந்த அதே ஹாலிதான். 1830-களில் அகஸ்டஸ் சீபே உலோகத் தலைக்கவசம் கொண்ட உடையை உருவாக்கினார். மேலிருந்து பம்ப் காற்றை அனுப்பிற்று. 1943-இல் கூஸ்தோ, காஞ்ஞான் என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள், முதுகில் சுமக்கும் காற்று உருளைக்கு ஏற்ற கருவியை உருவாக்கினர். 1960-களில் தூத்துக்குடி மத்திய கடல்மீன் ஆய்வு நிலையத்து அறிஞர்களும் இவ்வுருளையுடன் மன்னார் வளைகுடாவில் இறங்கிப் பார்களை ஆராய்ந்தனர்.

எஞ்சினும் மூச்சு விடுகிறது

இனி இரண்டாவது வாய்க்கு வருவோம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று தேவை. அது 12,000 லிட்டருக்கும் மேற்பட்ட காற்று! எஞ்சினுக்கு எண்ணெயை அதிகம் ஊட்டுவது எளிது. காற்றை அதிகம் ஊட்டுவதுதான் கடினம். இங்கும் அழுத்தி அனுப்பும் யோசனையே கைகொடுத்தது. 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி, எஞ்சினின் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் வலிமையால் காற்றை உள்ளே தள்ளும் டர்போ முறைக்குக் காப்புரிமை பெற்றார். அக்கருவியில் புகையும் தூய காற்றும் அருகருகே ஓடுகின்றன; ஆனால் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

சோழவரத்திலும் பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலும் கார்ப் பந்தயம் பார்த்தவர்களுக்கு, வேகப் பிரியர்கள் எஞ்சினின் காற்று வழியை மாற்றியமைப்பது புதிய செய்தியன்று. கடையில் மூவகை அமைப்புகளைக் காணலாம். தொழிற்சாலை பொருத்தும் காகித வடிகட்டிப் பெட்டி முதல் வகை. தூசியை நன்கு பிடிக்கும், ஓசையையும் அடக்கும். பெட்டியை நீக்கிவிட்டு எஞ்சின் அருகே திறந்த கூம்பு வடிகட்டியைப் பொருத்துவது இரண்டாம் வகை. தடை குறைவு, உறுமல் ஓசையும் காதுக்கு விருந்து. ஆனால் அது இழுப்பது எஞ்சினின் வெப்பக் காற்றை. 30 டிகிரிக் காற்றைவிட 60 டிகிரிக் காற்று ஏறத்தாழ 9 சதவீதம் அடர்த்தி குறைந்தது. வாயைப் பெரிதாக்கியும் உணவு குறைந்துவிடுகிறது! குழாயை நீட்டி, காரின் முன்புறக் குளிர்காற்றை வாங்குவது மூன்றாம் வகை. எஞ்சினுக்கு இது நல்லது. எனினும் வாய் தாழ்வாக இருந்தால் மழைவெள்ளத்தில் நீரை உறிஞ்சி எஞ்சினே உடையக்கூடும்.

விலை உயர்ந்த வடிகட்டியைவிட, வாய் வைக்கப்பட்டிருக்கும் இடமே முக்கியம் என்பதே இவ்வொப்பீட்டின் பாடம்.

மூன்றாவது வாய்

காரில் இடம் தவறினால் சிறிது வேகம் குறையும், அவ்வளவே. வள்ளத்தில் இடம் தவறினால்?

டீசல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு கலந்துள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்கிறது. கம்ப்ரசரின் வாய் எஞ்சினின் புகைக்குழாய்க்கு அருகில் இருந்தால், அல்லது கச்சான் மாறிக் கொண்டல் வீசும்போது புகை அப்பக்கம் திரும்பினால், குளியாளுக்குப் போகும் மூச்சில் நஞ்சு சேரும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. எனவே மேலே சிறிதளவாக இருக்கும் நஞ்சும் அங்கே மூன்று மடங்கு வலிமை கொள்கிறது. பிராணவாயுவின் அழுத்தமும் அங்கே மிகுந்திருப்பதால் தீங்கு உடனே தெரியாமல் போகலாம். அவர் மேலே ஏறும் வேளையில் மயக்கம் வரும். தரையில் மயங்கினால் தூக்கி உட்கார வைக்கலாம். கடலில் மயங்கினால்?

வடிகட்டி காக்காதா? தூசியைப் பிடிக்கும் காகிதமும் பஞ்சும் வாயுவைத் தடுக்கமாட்டா. கார்பன் மோனாக்சைடை மாற்றுவதற்குத் தனி வேதிப்பொருள் வேண்டும். வண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கவும், வண்ணம் தெளிக்கவும் செய்யப்பட்ட கம்ப்ரசரில் அது கிடையாது. போதாக்குறைக்கு, சூடேறிய கம்ப்ரசரின் எண்ணெய் ஆவியும் மூச்சோடு சேர்கிறது.

அளவின்றிக் காற்று கிடைப்பதால் வேறோர் ஆபத்தும் வந்தது. நீண்ட நேரம் ஆழத்தில் இருந்தவரின் உடலில் நைட்ரஜன் கரைந்து தங்கும். விரைந்து ஏறினால் அது குமிழிகளாகி, மூட்டுகளில் கடும் வலியையும் சில வேளை முடக்கத்தையும் தரும். எங்கெங்கே நின்று ஏற வேண்டும் என்ற அட்டவணையை ஜே. எஸ். ஹால்டேன் 1908-இலேயே வெளியிட்டார். அந்த அறிவு கருவியோடு சேர்ந்து கரைக்கு வர வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

கல்லோடு இறங்கிய முன்னோருக்கு ஒரு நிமிட மூச்சுதான் கிடைத்தது. அது எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். இன்று குளிப்பவருக்கு மணிக்கணக்கில் மூச்சு கிடைக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கடலடியில் இருக்கும் அவரால் பார்க்க முடியாது. மேலே இருப்பவரே பார்க்க வேண்டும். முன்பு கயிறு பிடித்த மச்சானின் வேலை இப்போது கம்ப்ரசரின் வாயைக் காப்பதாகிவிட்டது.

கம்ப்ரசரின் வாய் புகைக்குழாயிலிருந்து விலகி, உயரமாக, காற்று வரும் பக்கத்தில் இருக்கிறதா? காற்றின் திசை மாறும்போது அதையும் மாற்றுகிறார்களா? மூச்சுக்கென்றே செய்த கருவியா? கடற்கரை ஊர் மாணவர்களே, உங்கள் வீட்டார் குளிக்கப் போகிறவர்களானால் இக்கேள்விகளைக் கேளுங்கள். பிற ஊர்களில் உள்ளவர்களும், மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடினால் அதே நஞ்சுதான் என்பதை மறவாதீர்கள். கேள்வி கேட்கப் பணம் தேவையில்லை. அதன் விடையில் ஓர் உயிர் இருக்கலாம்.