ஒரு கல்லூரியும் நான்கு கவிஞர்களும்



மாலை வேளையில் கோவளத்துக் கடற்கரையில் சிறிது தூரம் நடப்பது என் வழக்கம். அங்கிருந்து வடக்கே செல்லும் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டைக் கடந்து பனையூரை அடைகின்றது. மேற்கே திரும்பினால் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஊரப்பாக்கத்திற்குச் செல்லலாம். பனையூரில் கவிக்கோ அப்துல் ரகுமான் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். ஊரப்பாக்கத்தில் கவிஞர் இன்குலாப் வாழ்ந்தார். இன்குலாப் 2016 டிசம்பர் 1ஆம் நாளிலும், அப்துல் ரகுமான் 2017 ஜூன் 2ஆம் நாளிலும் மறைந்தனர். நம் புறநகரின் இரு ஓரங்களில் வாழ்ந்த இவ்விருவரும் இளமையில் ஒரே கல்லூரியில் தமிழ் பயின்றவர்கள். அக்கல்லூரி மதுரைத் தியாகராசர் கல்லூரி. அதனைப் பற்றியும், அங்கிருந்து புறப்பட்ட நான்கு கவிஞர்களைப் பற்றியும் இன்று பேச விரும்புகின்றேன்.

கவிதை எழுதுவதைக் கல்லூரியில் கற்பிக்க இயலுமா? இவ்வினாவிற்கு அமெரிக்க நாட்டில் ஒரு விடை கண்டனர். அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1936இல் எழுத்தாளர் பட்டறை ஒன்று தோன்றியது. ஆராய்ச்சி நூல் எழுதிப் பட்டம் பெறுவது போலவே, கவிதையும் கதையும் எழுதிப் பட்டம் பெறலாம் என்ற முறை அங்கு வேரூன்றியது. 1967இல் உலக நாட்டு எழுத்தாளர்களை வரவழைக்கும் திட்டமும் அங்கே தொடங்கியது. நம் அசோகமித்திரன் 1973இல் அங்குச் சென்று தங்கினார். அவ்வனுபவத்திலிருந்து பிறந்ததே ‘ஒற்றன்’ என்னும் அவருடைய நூல்.

நம் நாட்டில் அத்தகைய பட்ட வகுப்பு அந்நாளில் இல்லை. ஆயினும் அதன் பணியை வேறொரு வகுப்பு, தானறியாமலே செய்தது. அதுவே தமிழ் இலக்கிய வகுப்பு.

கருமுத்து தியாகராசச் செட்டியார் 1949இல் நிறுவிய தியாகராசர் கல்லூரி, அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தது. அங்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர்கள் பெரும்புலவர்கள். புறநானூற்றுக்கும் பதிற்றுப்பத்துக்கும் உரை கண்ட ஔவை சு. துரைசாமிப் பிள்ளை, பிழையின்றி எழுதத் தமிழர்க்கு வழிகாட்டிய அ. கி. பரந்தாமனார், தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் தந்த சி. இலக்குவனார் ஆகியோர் அவர்களுட் சிலர். இவர்களுள் எவரும் புதுக்கவிதை எழுதக் கற்றுக்கொடுத்தவர் அல்லர். அவர்கள் கற்பித்தவை சங்க நூல்களும் இலக்கணமும் யாப்புமே.

1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் அவ்வகுப்பறைகளில் அமர்ந்திருந்தோருள் நால்வரை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். மதுரையில் உருதுக் கவிஞர் குடும்பத்தில் 1937இல் பிறந்த அப்துல் ரகுமான் ஒருவர். சிவகங்கையைச் சேர்ந்த மீ. இராசேந்திரன் மற்றொருவர், மீரா என்ற பெயரால் அவரை நாடு அறியும். போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து வந்த நா. காமராசன் மூன்றாமவர். கீழக்கரையில் 1944இல் பிறந்த சாகுல் அமீது நான்காமவர். அவரே பின்னாளில் இன்குலாப் ஆனார்.

அக்காலத்துத் தமிழ்க் கவிதையின் நிலையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் யாப்பை நீங்கிய புதுக்கவிதை வளர்ந்து வந்தது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பும் வெளிவந்தது. ஆனால், தமிழ்ப் புலவர் பலர் அதனைக் கவிதையென ஏற்கவில்லை. யாப்பு அறியாதவர்களே யாப்பை விடுகின்றனர் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அதற்கு ஏற்ற விடையை யார் தர இயலும்? யாப்பை முறையாகக் கற்றவர்களே தர இயலும்.

அவ்விடை 1971இல் வந்தது. நா. காமராசனின் ‘கறுப்பு மலர்கள்’, மீராவின் ‘கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்’ ஆகிய இரண்டும் அவ்வாண்டில் வெளிவந்தன. கோவையில் ‘வானம்பாடி’ இதழ் தோன்றியதும் அவ்வாண்டே. அவ்விதழைச் சுற்றி நின்றவர்களுள்ளும் தமிழாசிரியர்கள் பலர். 1974இல் அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ வந்தது. தொல்காப்பியம் பயின்ற கைகளே புதுக்கவிதை எழுதியபோது, அக்குற்றச்சாட்டு வலுவிழந்தது. சிற்றிதழ்களில் ஒதுங்கியிருந்த புதுக்கவிதை, கல்லூரி மன்றங்களிலும் விடுதி அறைகளிலும் குடிபுகுந்தது. மீராவின் நூலைக் கைக்குக் கை மாற்றிப் படித்த தலைமுறையில் நானும் ஒருவன்.

இனி, ஒரே பாடத்தைக் கேட்ட இந்நால்வரும் ஒரே வழியில் சென்றனரா என்று பார்ப்போம்.

அப்துல் ரகுமான் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கினார். புதுக்கவிதையில் குறியீடு பற்றி ஆராய்ந்தார். உருதுவின் கஜலையும் சப்பானியரின் ஐக்கூவையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய ‘ஆலாபனை’ 1999இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது.

மீரா சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரியில் ஆசிரியரானார். ஆயினும் அவருடைய பெரும்பணி பிறர் நூல்களை வெளியிட்டதே ஆகும். 1974இல் அவர் தொடங்கிய ‘அன்னம்’ பதிப்பகம், கி. ராஜநாராயணன் முதலியோரின் நூல்களை அழகுற அச்சிட்டது. புதிய கவிஞர்கள் பலரை நாட்டுக்கு அறிமுகம் செய்தது. தாம் எழுத வேண்டிய நேரத்தைப் பிறர் எழுத்துக்கு ஈந்த கவிஞர் அவர். 2002இல் அவர் மறைந்தார்.

நா. காமராசன் 1965ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தில், கா. காளிமுத்துவுடன் சேர்ந்து மதுரையில் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியைக் கொளுத்திச் சிறை சென்றவர். சமூகம் ஏறிட்டும் பாராத மனிதர்களைக் ‘கறுப்பு மலர்க’ளில் பாடினார். பின்னர்த் திரைப்படப் பாடல்களும் எழுதினார். 2017 மே மாதம் மறைந்தார்.

இன்குலாப்பும் அப்போராட்டத்தில் சிறை கண்டவர். சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தார். அவருடைய பாடல்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் மேடைகளில் பறையொலியோடு முழங்கின. ‘ஔவை’ முதலிய நாடகங்களும் படைத்தார். தாம் பெற்ற கலைமாமணி விருதை ஈழப் போரின்போது திருப்பி அளித்தார். அவர் மறைந்த பின், ‘காந்தள் நாட்கள்’ என்ற தொகுதிக்கு 2017இல் சாகித்திய அகாதெமிப் பரிசு அறிவிக்கப்பட்டது. அதனை ஏற்க அவருடைய குடும்பத்தார் மறுத்துவிட்டனர். அவருடைய உடல் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாக வழங்கப்பட்டது.

பாருங்கள். ஒருவர் பரிசு பெற்றார். ஒருவர் வீட்டார் அப்பரிசையே வேண்டா என்றனர். ஒருவர் பிறர் நூல்களுக்குத் தம் உழைப்பைத் தந்தார். ஒருவர் திரையிசையில் புகுந்தார். இவர்களுள் எவர் உயர்ந்தவர் என்று மதிப்பெண் இட நான் முற்படவில்லை. நால்வர் கையிலும் இருந்த பொதுச் சொத்து பழந்தமிழ்ப் பயிற்சி. அதனைக் கொண்டு நால்வரும் நான்கு குரலில் பேசினர். ஒரு கல்விக்கூடத்தின் உண்மையான சாதனை அதுவே என்று நான் கருதுகின்றேன். ஒரே அச்சில் வார்த்தெடுத்தது போன்ற நான்கு கவிஞர்களை அது தந்திருந்தால், அதனை இன்று நாம் பேசவேண்டிய தேவையே இல்லை.

என் பிழை ஒன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். நான் ஆசிரியனாகப் பணியேற்ற தொடக்கத்தில், ஒரு மாணவன் தான் எழுதிய கவிதைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுவந்து தந்தான். நான் பயிற்சிக் கல்லூரியில் கற்ற முறைப்படி, ஒற்றுப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் திருத்தி மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். கவிதையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் வாங்கிக்கொண்டு போனான். பிறகு எதையும் என்னிடம் காட்டவில்லை. பிழையைத் திருத்தியது தவறன்று. ஆனால், அவன் என்ன சொல்ல வந்தான் என்று கேளாமல் விட்டது பெருந்தவறு. இலக்கணம் கற்பிப்பது ஆசிரியர் கடமை. அதனைக் கொண்டு மாணவன் எதைச் சொல்லப் போகின்றான் என்று காத்திருப்பதும் அவர் கடமையே.

மாணவர்களே, கவிதை எழுத விரும்பும் நீங்கள் பட்டத்திற்காகக் காத்திருக்க வேண்டா. பழைய நூல்களை ஊன்றிப் படியுங்கள். எழுதியதை நண்பர்க்குப் படித்துக் காட்டுங்கள். நண்பர் படிக்கும்போது பொறுமையுடன் கேளுங்கள். நண்பரைப் போல எழுத முயலாதீர்கள். என்றேனும் கடற்கரைச் சாலையில் பனையூரைக் கடக்க நேர்ந்தாலும், தொடர்வண்டியில் ஊரப்பாக்கத்தைக் கடக்க நேர்ந்தாலும், ஒரே கல்லூரியிலிருந்து வந்து இரு வேறு குரலில் பாடிய இருவரை நினைவுகூருங்கள். அவர்தம் நூல் ஒன்றையேனும் தேடிப் படியுங்கள்.