எஜமானர் பக்கம், வேலைக்காரர் பக்கம்

2007 ஜனவரி 3. லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில், பிரபலங்களை ஒரே வீட்டில் வைத்துக் காட்டும் பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சியான 'செலிபிரிட்டி பிக் பிரதர்'க்காகப் போட்டிருந்த வீட்டுக்குள் நுழைந்தவர்களில் இந்தி நடிகை ஷில்பா ஷெட்டியும் ஒருவர். இரண்டு நாள் கழித்து ஜேட் கூடி தன் தாயோடும் காதலனோடும் வந்து சேர்ந்தார். உடனே ஒரு டாஸ்க்: கூடி குடும்பம் எஜமானர்கள், மற்றவர்கள் வேலைக்காரர்கள். இவர்களுக்குப் பணிவிடை செய்ய முடியாது என்று ராக் பாடகர் டானி டூரட் மதில் ஏறிக் குதித்து வெளியேறிவிட்டார்.

அந்த வீட்டில் கோஷ்டி சேர்ந்ததற்குப் போட்டியாளர்களின் குணத்தை மட்டும் குறை சொன்னால் போதாது. கோடு கிழித்துக் கொடுத்தது தயாரிப்புத் தரப்பு.

ஜேட் லண்டனின் பெர்மாண்ட்ஸி பகுதியைச் சேர்ந்த ஏழை வீட்டுப் பெண். பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். 2002இல், சாதாரண மக்கள் கலந்துகொள்ளும் மூல நிகழ்ச்சியான 'பிக் பிரதர்'இல் நான்காம் இடம் பெற்றார். அப்போது அவருடைய உடம்பையும் பொது அறிவையும் கிண்டலடித்துப் 'பன்றி' என்றே எழுதிய பத்திரிகைகள், பிறகு அவரைக் கொண்டாடி விற்பனையைப் பெருக்கிக்கொண்டன. கேலிக்கு ஆளானவரே அடுத்த முறை கேலி செய்யும் பக்கம் நின்றார்.

ஜேட்டின் தாய்க்குக் கடைசிவரை ஷில்பாவின் பெயர் வாயில் நுழையவில்லை. 'அந்த இந்தியப் பெண்' என்பதோடு சரி. மாடல் டேனியல் லாய்டும் பாடகி ஜோ ஓமீராவும் ஜேட்டோடு சேர்ந்துகொண்டார்கள். ஷில்பாவின் உச்சரிப்பு கேலியானது. அவர் கைபட்ட சாப்பாட்டைப் பற்றி முகம் சுளித்தார் லாய்டு. கடைசியில், சமையலுக்குப் போடும் ஓக்ஸோ கட்டிக்காக ஜேட் ஷில்பாவைத் திட்டித் தீர்த்தார். பிறகு அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஷில்பா பாப்படம்'. அதாவது, அப்பளம்!

ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்குச் சுமார் 44,500 புகார்கள் குவிந்தன. பாட்னாவில் நிகழ்ச்சி அமைப்பாளர்களின் கொடும்பாவி எரிந்தது. அந்த நேரம் பார்த்து இந்தியா வந்திருந்த பிரிட்டிஷ் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் போன இடத்திலெல்லாம் இந்த விவகாரத்துக்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது. நிகழ்ச்சியின் விளம்பரதாரரான கார்ஃபோன் வேர்ஹவுஸ் தன் ஆதரவை நிறுத்திவைத்தது. பார்ப்பவர்களின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது.

ஜனவரி 19 அன்று 82 சதவீத வாக்கோடு ஜேட் வெளியேற்றப்பட்டார். வழக்கமாக வாசலில் ஆரவாரம் செய்யும் கூட்டத்தை அன்று அனுமதிக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து 63 சதவீத வாக்கோடு ஷில்பா பட்டம் வென்றார். அந்த மே மாதம், நிகழ்ச்சியை ஒளிபரப்பிய சானல் 4 விதிகளை மீறியதாக ஆஃப்காம் தீர்ப்பளித்தது. அதன் சாரத்தைச் சானலே மூன்று முறை ஒளிபரப்ப வேண்டும் என்றது. பெரிய தண்டனை என்று சொல்ல முடியாது.

2008 ஆகஸ்டில் ஜேட் இந்திய 'பிக் பாஸ்' வீட்டுக்குள் போனார். தொகுத்து வழங்கியவர் ஷில்பா. சில நாட்களுக்குள் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்ற செய்தி ஜேட்டுக்கு அங்கேயே சொல்லப்பட்டது. உடனே நாடு திரும்பினார். 2009 மார்ச் 22 அன்று, 27 வயதில் இறந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஓராண்டு இடைவெளிக்குப் பிறகு, சானல் 4 அடுத்த 'செலிபிரிட்டி பிக் பிரதர்' வீட்டைத் திறந்திருந்தது.