உரிமச் சண்டையில் பிறந்த க்னோம்

1996-இல் லினக்ஸ் கணினியின் முன் உட்கார்ந்தவருக்கு மவுஸ் பிடிப்பதே தனிப் படிப்பு. பழைய அதீனா வகை நிரல்களில் ஸ்க்ரோல்பார் இடப்பக்கம் இருக்கும். இடது பொத்தானை அழுத்தினால் பக்கம் கீழே நகரும். வலது பொத்தானை அழுத்தினால் மேலே ஏறும். பிடித்து இழுக்க நடுப் பொத்தான். அதே திரையில் மோட்டிஃப் கொண்டு எழுதிய நெட்ஸ்கேப் திறந்திருக்கும். அதில் ஸ்க்ரோல்பார் வலப்பக்கம், பழக்கமும் வேறு. டிகே-யில் எழுதியது ஒரு மாதிரி, எக்ஸ்ஃபார்ம்ஸில் எழுதியது இன்னொரு மாதிரி. ஒன்றில் வெட்டியதை மற்றொன்றில் ஒட்ட முடிந்தால் அது அன்றைய அதிர்ஷ்டம். கணினி ஒன்றுதான், ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு தனி அரசாங்கம்.

முந்தைய ஆண்டு ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்து, சாதாரண மனிதர்கள் திரையில் எதை எதிர்பார்க்கலாம் என்பதை மாற்றிவிட்டது. ஹெச்பி, ஐபிஎம், சன் போன்ற யூனிக்ஸ் நிறுவனங்களிடம் சிடிஇ என்ற பொதுப் பணிச்சூழல் இருந்தது. அது காசு கொடுத்து வாங்க வேண்டியது, பார்க்கவும் மந்தமானது. லினக்ஸ்காரர்களிடம் ஆளுக்கொரு சாளர மேலாளர் இருந்தது. அதன் அமைப்புக் கோப்பைத் திருத்துவதில் பெருமையும் இருந்தது.

ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்த மத்தியாஸ் எட்ரிச் இந்தப் பெருமையில் பங்குகொள்ளவில்லை. லிக்ஸ் என்ற ஆவணம் எழுதும் நிரலை அதற்கு முன்பே உருவாக்கியவர் அவர். 1996 அக்டோபர் 14 அன்று கேடிஇ என்ற புதிய திட்டத்தை அறிவித்தார். பெயரே சிடிஇ-யைக் கிண்டல் செய்வதுதான். நிர்வாகிகளுக்காக இல்லாமல் கடைசிப் பயனருக்காக ஒரு முழுச் சூழல் வேண்டும், எல்லா நிரலும் ஒரே முகத்தோடு ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர் வைத்த கோரிக்கை. தன்னார்வலர்கள் வேகமாகச் சேர்ந்தார்கள். 1998 ஜூலை 12-இல் கேடிஇ 1.0 வெளியாகிவிட்டது. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

அந்த வேகத்துக்குக் காரணம் க்யூட்டி. பொத்தான், மெனு, சாளரம் எல்லாம் வரைந்து தரும் கருவித்தொகுப்பு அது. ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்ப்-எங் என்ற இரு நார்வேக்காரர்கள் தொடங்கிய ட்ரோல்டெக் நிறுவனத்தின் சரக்கு. தரமானது, அழகானது, கைக்குத் தயாராக இருந்தது. லினக்ஸில் கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கு இலவசமாகவும் கிடைத்தது. எட்ரிச் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

வில்லங்கம் உரிமத்தில் இருந்தது. க்யூட்டியின் மூலநிரலைப் படிக்கலாம். திருத்திய வடிவத்தைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. மூடிய மென்பொருள் எழுதுவோர் பணம் கட்ட வேண்டும். பிறர் மனையில் சொந்தக் காசு போட்டு வீடு கட்டியது போலாயிற்று கேடிஇ-யின் நிலை: வீடு யாருடையது என்பதில் சந்தேகமில்லை, மனைக்காரர் நாளை என்ன செய்வார் என்பதுதான் தெரியாது. கேடிஇ-யின் சொந்த நிரல்கள் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருந்தன. ஜிபிஎல் நிரல் ஒன்றைத் தொகுத்துக் கொடுக்கும்போது அதோடு பிணைந்த நிரலகமும் அதே சுதந்திரத்தைத் தர வேண்டும். க்யூட்டி தரவில்லை. ஆகவே கேடிஇ-யைத் தொகுத்து விநியோகிப்பதே ஜிபிஎல்-லை மீறுவது என்று கட்டற்ற மென்பொருள்காரர்கள் வாதிட்டார்கள். கேடிஇ-காரர்களுக்கு இது வீண் வம்பு. நாங்கள் எழுதிய நிரலை எங்கள் விருப்பப்படி பகிர்கிறோம், உங்களுக்கு என்ன என்றார்கள். சட்டப்படி யார் சொன்னது சரி என்ற கேள்வியை விடுங்கள். லினக்ஸின் முகமாக அமையப்போகும் ஒரு பொருளின் அடித்தளம் ஒரே நிறுவனத்தின் விருப்பத்தில் நிற்கிறது என்ற பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இந்தப் பயத்துக்கு இரண்டு மருந்துகள் முயன்று பார்க்கப்பட்டன. ஒன்று ஹார்மனி: க்யூட்டி செய்வதையெல்லாம் செய்யும் கட்டற்ற மாற்றுத் தொகுப்பை எழுதுவது. அது முடியவே இல்லை. மற்றொன்று, க்யூட்டியே இல்லாமல் முதலிலிருந்து வேறொரு பணிச்சூழலைக் கட்டுவது. அதுதான் க்னோம்.

அது தொடங்கிய இடம் மெக்சிகோ நகரம். மிகேல் தே இகாசா அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தின் அணு அறிவியல் நிறுவனத்தில் கணினி நிர்வாகியாக இருந்தவர். மிட்நைட் கமாண்டர் என்ற கோப்பு மேலாளரை எழுதியவர். 1997 கோடையில் மைக்ரோசாஃப்டில் நேர்காணலுக்குப் போய்வந்தார். பட்டம் முடிக்காததால் விசாவுக்கு வழியில்லாமல் போயிற்று. ஆனால் சிறு சிறு கூறுகளாக நிரல் எழுதி ஒன்றோடொன்று பொருத்தும் மைக்ரோசாஃப்டின் முறை அவர் மனத்தில் தங்கிவிட்டது. க்னோம் என்ற பெயரின் விரிவில் பொருள் மாதிரி, பிணையம் என்றெல்லாம் வருவது இந்த ஆசையால்தான். அந்த விரிவை இன்று க்னோம்காரர்களே பயன்படுத்துவதில்லை. நண்பர் ஃபெதெரிக்கோ மேனாவோடு சேர்ந்து அந்த ஆகஸ்டு 15-இல் திட்டத்தை அறிவித்தார். கேடிஇ போன்ற ஒன்று, ஆனால் முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருளால் ஆனது என்பதே அறிவிப்பின் சாரம்.

கருவித்தொகுப்புக்கு எங்கே போவது? பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளை முதலில் மோட்டிஃபில் எழுதி, அது பிடிக்காமல், தங்களுக்கென்று ஜிடிகே என்ற தொகுப்பைச் செய்துகொண்டிருந்தார்கள். மேனா ஏற்கெனவே கிம்பில் வேலை செய்தவர். ஜிடிகே-யின் உரிமம் எல்ஜிபிஎல்: திருத்தலாம், கொடுக்கலாம், மூடிய நிரலோடும் பணம் கட்டாமல் பிணைக்கலாம். படம் வரையப் பிறந்த தொகுப்பு இப்படித்தான் ஒரு பணிச்சூழலுக்கே அடித்தளம் ஆயிற்று.

இனி ஒவ்வொரு லினக்ஸ் வழங்கலும் ஒரு பக்கம் எடுத்தாக வேண்டிய நிலை. ரெட் ஹேட், க்யூட்டியின் உரிமத்தைக் காரணம் காட்டி கேடிஇ-யைச் சேர்க்க மறுத்தது. 1998 ஜனவரியில் தனி ஆய்வுக்கூடம் அமைத்து, சம்பளம் கொடுத்து க்னோமை வளர்க்க ஆள் வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் பிரான்ஸில் கேல் டுவால் ரெட் ஹேட்டை எடுத்து கேடிஇ-யைச் சேர்த்து மாண்ட்ரேக் என்று வெளியிட்டார். ரெட் ஹேட் விட்டுவைத்த காலியிடத்தில் ஒரு புதிய வழங்கலே முளைத்துவிட்டது! ஜெர்மனியின் சூசே கேடிஇ பக்கம் நின்றது. டெபியன் அக்டோபரில் ஓர் அறிக்கை விட்டு, கேடிஇ பொதிகளைத் தன் கிடங்கிலிருந்தே எடுத்துவிட்டது. பிரான்ஸைச் சேர்ந்த ஒலிவியே ஃபூர்தான் எழுதிய எக்ஸ்எஃப்சிஇ என்ற பணிச்சூழலும் இந்த வெயிலில் காய்ந்ததுதான். அது எக்ஸ்ஃபார்ம்ஸில் எழுதப்பட்டிருந்தது. எக்ஸ்ஃபார்ம்ஸ் கட்டற்றது இல்லை என்பதால் எக்ஸ்எஃப்சிஇ-யை ரெட் ஹேட் ஏற்கவில்லை. 1999-இல் முழுவதையும் ஜிடிகே-யில் திருப்பி எழுதினார். அந்தத் திருத்தம் பின்னால் எங்கே போய் நின்றது என்பதைச் சொல்கிறேன்.

தரத்தைப் பார்த்தால் அப்போது கேடிஇ-தான் முன்னணியில். 1999 மார்ச்சில் வந்த க்னோம் 1.0 அடிக்கடி விழுந்தது; அதை அவசரமாக வெளியிட்டார்கள் என்று அதன் ஆட்களே பிறகு பேசிக்கொண்டார்கள். ஆனாலும் ஏப்ரலில் ரெட் ஹேட் 6.0 அதைத்தான் இயல்புச் சூழலாக வைத்து வந்தது. நன்றாக ஓடுவதை ஒதுக்கி, தடுமாறுவதை முன்னால் வைத்தார்கள் என்றால், தேர்வு திரையைப் பார்த்து நடக்கவில்லை என்பது தெளிவு.

ட்ரோல்டெக் சும்மா இருக்கவில்லை. 1998 ஜூனிலேயே கேடிஇ-யோடு சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்து, தாங்கள் க்யூட்டியின் இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டால் அதைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு க்யூட்டி 2.0-க்குப் புதிய திறந்த உரிமம் வந்தது. அது ஜிபிஎல்-லோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் 2000 செப்டம்பர் 4-இல் க்யூட்டியை ஜிபிஎல்-லிலேயே வெளியிட்டுவிட்டார்கள். க்னோம் பிறந்ததற்கான காரணம் அன்றோடு இல்லாமல் போயிற்று. டெபியனின் நிலையான வெளியீட்டில் கேடிஇ இடம்பெற 2002 ஜூலை வரை ஆனது.

காரணம் போனது, பிள்ளை மட்டும் போகவில்லை. அந்த ஜிபிஎல் வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்னால்தான் க்னோம் அறக்கட்டளை அறிவிக்கப்பட்டிருந்தது. சன், ஐபிஎம், ஹெச்பி எல்லாம் உடன் நின்றன. சோலாரிஸில் சிடிஇ-யின் இடத்தில் க்னோமை வைப்பதாக சன் சொன்னது. இதில் ஒரு வேடிக்கை. ஜிபிஎல்-லில் வந்த க்யூட்டியில் மூடிய நிரல் எழுத ட்ரோல்டெக்கிடம் பணம் கட்டியாக வேண்டும். எல்ஜிபிஎல்-லில் இருந்த ஜிடிகே-யில் யாரும் எதுவும் கட்ட வேண்டாம். சுதந்திரத்துக்காகத் தொடங்கிய சூழல், மூடிய நிரல் விற்கும் கம்பெனிகளுக்கு வசதியானது என்பதாலும் வளர்ந்தது. 2009-இல் நோக்கியா கைக்குப் போயிருந்த க்யூட்டியும் எல்ஜிபிஎல்-லுக்கு வந்தது. அதற்குள் பெரிய கம்பெனிகள் முடிவெடுத்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

சன் வந்ததால் நடந்த இன்னொன்றைத்தான் நான் முக்கியமாக எண்ணுகிறேன். மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய மென்பொருளைத்தான் கூட்டாட்சி அலுவலகங்கள் வாங்க வேண்டும் என்ற 508-ஆம் பிரிவு அமெரிக்காவில் 2001-இல் நடைமுறைக்கு வந்தது. அரசுக்குக் கணினி விற்கும் சன்னுக்கு இது பிழைப்புப் பிரச்சினை. அதன் பொறியாளர்கள் க்னோம் 2-க்குள் ஓர் அணுகல் அடுக்கைக் கட்டினார்கள். ஒவ்வொரு பொத்தானும் தன் பெயரையும் நிலையையும் வெளியே சொல்லும்; திரைவாசிப்பான் அதைக் கேட்டுப் படித்துக்காட்டும். பார்வையற்ற நிரலாளரான மார்க் முல்காஹி சன்னில் தொடங்கிய ஓர்கா என்ற திரைவாசிப்பான் 2006 செப்டம்பரில் க்னோம் 2.16-இல் சேர்ந்தது. கேடிஇ நிரல்கள் அந்த அளவுக்குப் பேசப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது டெபியனுக்கு வருவோம். அதன் முடிவு அதோடு நிற்பதில்லை. உபுண்டு டெபியனிலிருந்து பிறந்தது. சென்னையில் சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் அப்படியே. 2011-இல் வந்த க்னோம் 3 பழைய மெனுவையும் பட்டையையும் தூக்கியெறிந்ததில் பலர் கோபித்துக்கொண்டு மாட்டே, சின்னமன் என்று கிளை பிரிந்து போயிருந்த சமயம். 2012-இல் டெபியனுக்கு வேறொரு தலைவலி: க்னோம் முழுவதும் முதல் சிடி-யில் அடங்கவில்லை. நிறுவியைப் பராமரித்த ஜோயி ஹெஸ் இயல்புச் சூழலை எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாற்றினார். அது திரும்பப் பெறப்பட்டது. 2013 நவம்பரில் மறுபடி மாற்றினார், அடுத்த ஆகஸ்டில் மறுபரிசீலனை என்ற நிபந்தனையோடு. ஜிடிகே-யில் திருப்பி எழுதப்பட்ட ஃபூர்தானின் சூழல் உலகின் மிகப் பெரிய வழங்கல்களில் ஒன்றின் வாசல்வரை வந்துவிட்டது.

உள்ளே போகவில்லை. 2014 செப்டம்பரில் ஹெஸ்ஸே க்னோமுக்குத் திரும்பினார். எடுத்துச் சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு. கணினியைத் தொடக்கிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி-யோடு க்னோம் நன்றாகப் பொருந்தியது. பார்வையற்றோருக்கான அணுகல் வசதியில் மற்றவை பின்தங்கியிருந்தன. 2015 ஏப்ரலில் ஜெஸ்ஸி என்ற டெபியன் 8 க்னோமோடு வந்தது. அன்று முதல் மாறவில்லை. நார்வே நிறுவனம் ஒன்றின் உரிமத்தால் ஒரு சூழல் பிறந்தது. அந்தச் சூழலின் உரிமத்தால் சன் வந்தது. சன் போட்ட அடுக்கு, சன் நிறுவனமே ஆரக்கிளுக்குப் போய் மறைந்த பிறகும், டெபியனில் க்னோமின் இடத்தைக் காத்தது.

டெபியனை நிறுவும்போது பணிச்சூழல்களின் பட்டியல் உங்கள் கண்முன் வரும். க்னோமைத் தவிர எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், மாட்டே, எல்எக்ஸ்டிஇ, எல்எக்ஸ்க்யூட்டி என்று வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். ஒன்றுக்கு மேல் டிக் செய்யலாம், நுழைவுத் திரையில் அன்றன்று மாற்றிக்கொள்ளலாம். நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். வீட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவரும் அதே கணினியைத் தொடுவார் என்றால் க்னோமை டிக் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.