காலம் கடந்து வந்த தொப்பி

கால்பந்து என்றால் பீலே, மரடோனா என்போம். நான் சொல்ல வந்தது ஜாக் லெஸ்லியைப் பற்றி. 1901இல் லண்டனில் பிறந்தவர்; தந்தை ஜமைக்காக்காரர். 1921இல் பிளிமத் ஆர்கைல் அணியில் சேர்ந்து 137 கோல் போட்டார். 1925இல் இங்கிலாந்து அணிக்குத் தேர்வானதாகச் செய்தி வந்தது. பிறகு வந்த பட்டியலில் பெயரைக் காணோம்! கறுப்பர் என்று தெரிந்ததும் தூக்கிவிட்டார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். அப்புறம் அழைப்பே வரலை.

வயதான காலத்தில் வெஸ்ட் ஹாம் கிளப்பில் வீரர்களின் பூட்ஸைத் துடைத்தார். 1966இல் உலகக் கோப்பை வென்ற பாபி மூரின் பூட்ஸும் அதில் உண்டு. 1988இல் காலமானார். 2022இல் பிளிமத்தில் சிலை வைத்தார்கள். நாட்டுக்காக ஆடியவர்களுக்குத் தரும் கௌரவத் தொப்பி 2023இல்தான் குடும்பத்தார் கைக்கு வந்தது.

திறமைக்கு மரியாதையை ஆள் இருக்கும்போதே செய்யணும், நண்பர்களே!