மசில் கார் மீட்டமைப்பு: ஆலை வடிவமும் மறுவடிவமும்

மசில் கார் என்பது 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் உருவான ஒரு கார் வகை. நடுத்தர அளவுள்ள, விலை மிகாத இரண்டு கதவுக் காரில் பெரிய வி-8 என்ஜினைப் பொருத்துவதே இதன் அடிப்படை. 1964-ஆம் ஆண்டு மாடலாக வந்த போன்டியாக் ஜிடிஓ இவ்வகையின் தொடக்கமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் விதித்திருந்தது. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் 389 கன அங்குல என்ஜினைத் தனி மாடலாக அல்லாமல், விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியாக விற்று அந்த விதியைத் தாண்டினர். விதியை மீறிப் பிறந்த கார் வகைக்கு இன்று அதன் அன்பர்கள் இத்தனை விதிகள் வகுத்திருப்பது வேடிக்கைதான்.

1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், உயர்ந்த காப்பீட்டுக் கட்டணம், 1973-இன் எண்ணெய்த் தடை ஆகியவற்றால் இக்கார்களின் காலம் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கு இவை வெறும் பழைய கார்கள். இளைஞர்கள் மலிவாக வாங்கினர், என்ஜினை மாற்றினர், பந்தயம் ஓட்டினர், உடைத்தனர். எஞ்சியவற்றை மீட்டெடுக்கத் தொடங்கியபோதுதான் கேள்வி எழுந்தது: ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தபடியே ஆக்குவதா, இன்று ஓட்டுவதற்கு ஏற்றபடி மாற்றுவதா?

எண் பொருத்தம்

ஆலை வடிவத்தை நாடுவோரின் முதல் சொல் 'எண் பொருத்தம்'. காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி என்ஜின் பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அது காரோடு பிறந்த என்ஜின்.

1969 செவ்ரலே கமாரோவை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு சுமார் 2,43,000 கமாரோக்கள் கட்டப்பட்டன. அவற்றில் இசட்-28 வகை 20,302. அதன் 302 கன அங்குல என்ஜின், டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்குள் அடங்கும்படி அமைக்கப்பட்டது. அலுமினிய 427 என்ஜின் கொண்ட இசட்எல்-1 வகை 69 மட்டுமே. சாதாரண ஆறு சிலிண்டர் கமாரோவும் அதே வரிசையில் நகர்ந்து வந்ததுதான். பாடி ஏறத்தாழ ஒன்றே என்பதால், சாதாரணக் காரை இசட்-28 போல ஆக்குவது கடினமல்ல. விலை வேறுபாடோ மிகப் பெரிது.

எனவே போலிகள் தோன்றின. என்ஜின் பிளாக்கின் முன்புறத் தளத்தைத் தேய்த்து வேறு எண்ணைப் பொறித்துவிடுவார்கள். ஆனால் ஆலையில் அத்தளத்தைக் கடைந்த வெட்டுக்கருவி விட்டுச்சென்ற இணைகோடுகள் தேய்க்கும்போது அழிந்துவிடும். தேர்ந்த சோதனையாளர் எண்ணைவிடக் கோடுகளையே முதலில் பார்க்கிறார். ஒஹாயோவின் நார்வுட் ஆலையில் 1968 டிசம்பர் நடுப்பகுதிக்குப் பின் உருவான கமாரோக்களின் தகட்டில் வகையைக் குறிக்கும் குறியீடு உண்டு. கலிஃபோர்னியாவின் வான் நய்ஸ் ஆலை அதைப் பொறிக்கவில்லை. அங்கு பிறந்த உண்மையான இசட்-28 கூட வேறு ஆவணமின்றித் தன்னை நிரூபிக்க முடியாமல் தவிக்கிறது. ஃபோர்டு கார்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1967 முதலான உற்பத்திப் பதிவுகளைக் கெவின் மார்ட்டி என்ற ஆய்வாளர் ஃபோர்டின் உரிமம் பெற்று வைத்திருக்கிறார்.

ஆலையின் பிழைகள்

ஆலை வடிவம் என்றால் குறையற்ற வடிவம் என்று பொருளல்ல. 1969-இன் தொழிலாளிக்கு ஒவ்வொரு காரிலும் கிடைத்தது சில நிமிடங்களே. பெயின்ட் ஆரஞ்சுத் தோல்போல் புள்ளியிட்டிருக்கும். கதவிடுக்குகள் சீராக இரா. அடிப்பகுதியில் பெயின்ட் தெறித்துப் படிந்திருக்கும். அச்சுத்தண்டில் சோதனையாளர் இட்ட சுண்ணக்கட்டிக் குறி இருக்கும். இன்றைய கண்ணாடிப் பளபளப்பு எந்த ஆலையிலும் இருந்ததில்லை. ஆகவே தீவிரமான மீட்டமைப்பாளர்கள் தெறிப்பையும் குறியையும் திரும்ப உருவாக்குகிறார்கள். அளவுக்கு மீறிய அழகும் தவறு என்பதே கண்டிப்பான நடுவர்களின் நிலைப்பாடு. சோம்பலை இத்தனை உழைப்போடு நகலெடுக்கும் கலை வேறெதிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

மறுவடிவம்

மறுபக்கத்தார் இதைப் பார்த்துச் சிரிப்பதில் நியாயம் உண்டு. பல மசில் கார்கள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடன் விற்கப்பட்டவை. நேர்கோட்டில் சீறும், நிற்கத் தயங்கும். வெளித்தோற்றத்தைப் பேணி, உள்ளே டிஸ்க் பிரேக், புதிய சஸ்பென்ஷன், மின்னணு எரிபொருள் அமைப்பு ஆகியவற்றைச் சேர்ப்பது 'ரெஸ்டோமாட்' எனப்படுகிறது. 1997 மாடல் கார்வெட்டில் வந்த எல்எஸ்-1 என்ஜினும் அதன் வழிவந்தவையும் இப்போக்கை வலுப்படுத்தின. அவை எடை குறைந்தவை, நம்பகமானவை, பழைய கார்களிலிருந்து எளிதாகக் கிடைப்பவை.

மாற்றுவது புதிய பழக்கமும் அல்ல. பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்கில் செவ்ரலே விற்பனையாளராக இருந்த டான் யென்கோ, 1967-இலேயே கமாரோவில் 427 என்ஜினைப் பொருத்தி விற்றார். வாங்கிய மறுநாளே சைலன்சர் குழாயையும் சக்கரங்களையும் மாற்றியவர்கள் ஏராளம். அப்படி மாற்றிய நிலையிலேயே பாதுகாக்கப்படும் கார்களுக்கு 'இரண்டாம் நாள்' கார்கள் என்றே பெயர் உண்டு. அன்று பெரும்பாலோர் ஓட்டியது ஆலை வடிவத்தை அல்ல என்ற வாதத்துக்கு இவையே சாட்சி.

எதை எப்படிச் செய்வது என்பதை உரிமையாளரின் ரசனை மட்டும் தீர்மானிக்கக் கூடாது. தன் என்ஜினும் ஆவணங்களும் இழக்காத இசட்-28-இன் தரையை அறுத்துப் புதிய சஸ்பென்ஷன் பொருத்துவது திரும்பப் பெற முடியாத இழப்பு. என்ஜின் எப்போதோ தொலைந்து, தரைத்தகடு துருவில் உதிர்ந்த ஆறு சிலிண்டர் கமாரோவை ஆலை வடிவத்துக்குக் கொண்டுவரச் செலவிடும் பணமோ திரும்ப வராது. அதற்கு மறுவடிவமே பொருத்தம். இன்று 1969 கமாரோவின் முழு பாடியே புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. அதற்குள் எதைப் பொருத்தினாலும் வரலாறு காயப்படுவதில்லை. பழைய காரின் எண் தகட்டைப் பிடுங்கி அதில் ஒட்டாதவரை.

புல்லிட் கார்கள்

இவ்விரு வழிகளிலும் அடங்காத கார்களும் உண்டு. 1968-இல் வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங், படப்பிடிப்புக்காக மாற்றப்பட்டது. கேமரா தாங்கிகள் அதன் அடியில் பற்றவைக்கப்பட்டன. பின்னர் 1974-இல் அதை வாங்கிய குடும்பம் சில ஆண்டுகள் அன்றாடக் காராகவே ஓட்டியது. ஆலை வடிவத்துக்குத் திருப்பினால் கேமரா தாங்கிகள் போய்விடும், புதுப் பெயின்ட் அடித்தால் பழைய தேய்வு போய்விடும். உரிமையாளர்கள் இரண்டையும் செய்யவில்லை. 2020 ஜனவரியில் அது அதே மங்கிய நிறத்தோடு, கட்டணங்கள் உட்பட 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

படத்தின் இன்னொரு மஸ்டாங், மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் என்ஜினின்றித் துருப்பிடித்துக் கிடந்தது. அதை வாங்கியவர் வேறொரு திரைப்படத்தில் வரும் 'எலினார்' மஸ்டாங்கின் நகலாக ஆக்கவே எண்ணியிருந்தார். 2017-இல் அதன் எண்ணைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த மார்ட்டி, அது எந்தக் கார் என்பதை உறுதிசெய்தார். அத்துடன் எலினார் வேலை நின்றது.